மெல்லிய கோடும் தடித்த கோடும்

சுருக்கெழுத்துப் பயின்றோர் எவரும் சேர் ஐசாக் பிற்மனின் பெயரை அறிவர். அவருடைய வரலாற்றை அறிந்தோர் மிகச் சிலரே. நானும் அவர் வகுத்த கோடுகளைக் கொண்டே பல்லாண்டு பிழைத்தேன். ஆயினும் அவர் யார், எத்தகையவர் என்று விசாரித்தறியும் ஆவல், என் கையால் ஒரு பிழை நேர்ந்த பின்னரே எனக்கு உண்டாயிற்று. அப்பிழையைப் பின்னர்க் கூறுவேன்.

1813ஆம் ஆண்டு சனவரி 4ஆந் திகதி, இங்கிலாந்தின் வில்ட்சயர்ப் பகுதியிலுள்ள திரோபிரிட்ஜ் என்னும் நெசவு நகரில் பிற்மன் பிறந்தார். தந்தையார் துணியாலையொன்றின் மேற்பார்வையாளர், பிள்ளைகள் பதினொருவர். நெருக்கமான வகுப்பறையில் மயங்கி விழும் இயல்பினராதலால், ஏறக்குறையப் 13ஆம் வயதிலேயே பள்ளியை விட்டு நீங்கி ஆலையில் எழுதுவினைஞராய் அமர்ந்தார். அதன்பின் நூல்களே அவருக்கு ஆசான்களாயின. ஆனால் நூல் வாய் திறந்து பேசுவதில்லை. ஆங்கிலமோ எழுதுவது ஒன்றும் ஒலிப்பது மற்றொன்றுமான மொழி. கண்ணுக்குப் பழகிய சொற்கள் பல தம் நாவிற் பிழைபட ஒலிப்பதை உணர்ந்த அவ்விளைஞர், உவாக்கர் என்பாரின் உச்சரிப்பு அகராதியை வைத்துக்கொண்டு தம்மைத் தாமே திருத்தினார். எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே அன்று அவர் கண்ட பிளவை மூடுவதே பின்னர் அவருடைய வாழ்நாட் பணியாயிற்று.

1831இல் இலண்டனில் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1832இல் பார்ட்டன் என்னும் ஊரிலும், 1836இல் வொற்றன் என்னும் ஊரிலும் பள்ளி நடத்தினார். சாமுவேல் ரெயிலர் 1786இல் வெளியிட்ட சுருக்கெழுத்தை அவர் முன்னரே கற்றிருந்தார். அம்முறையில் உயிரொலிகள் அனைத்துக்கும் ஒரே புள்ளிதான். அதனை மலிவாக அச்சிட்டு மாணவர்க்குக் கொடுக்க விரும்பி, சாமுவேல் பாக்ஸ்டர் என்னும் பதிப்பாளரை அணுகினார். பழையதை மீண்டும் அச்சிடுவதிலும் புதியதொன்றை ஆக்குவதே நன்றென்னும் ஆலோசனை அவருக்குக் கிடைத்தது. அவர் உழைக்கத் தொடங்கினார். இதற்கிடையில் சுவீடன்போர்க்கின் சமயக் கொள்கையைத் தழுவியமையால் 1837இல் பள்ளி அவரை விலக்கியது. வேலை போன அதே ஆண்டின் நவம்பரில் அவருடைய சிறு நூல் வெளிவந்தது. விலை நான்கு பென்ஸ்.

அம்முறையின் நுட்பம் மெய்யொலிகளில் உள்ளது. நாவும் உதடும் ஒரே இடத்திற் பிறப்பிக்கும் இரண்டு ஒலிகளுக்குக் கோடு ஒன்றே. குரல் சேராத ஒலிக்கு அது மெல்லியது, குரல் சேர்ந்த ஒலிக்குத் தடித்தது. இடமிருந்து வலமாகச் சரிந்திறங்கும் கோடு மெலிந்தால் ‘பேப்பர்’ என்பதன் முதலொலி. தடித்தால் ‘பஸ்’ என்பதன் முதலொலி. நேர் நிற்கும் கோடும், கிடைக் கோடும், வளைகோடுகள் பலவும் இவ்வாறே இணையிணையாய் அமையும். மெய்களை முதலில் எழுதி, உயிர்களைப் புள்ளியாகவும் சிறு கீற்றாகவும் பக்கத்தில் இடல் வேண்டும். விரைந்தெழுதுவோர் அவற்றையும் விட்டுவிடுவர். மெய்யை உடம்பென்றும் உயிரை உயிரென்றும் வழங்கும் நமக்கு இது எளிதிற் புரியும். இடர் வேறோரிடத்தில் உண்டு. அப்பம் என்பதிலும் அம்பு என்பதிலும் நாம் எழுதுவது ஒரே பகரம், ஒலிகளோ இரண்டு. இடம் நோக்கி நா தானே மாற்றிக்கொள்ளும். காது அதனைக் கவனிப்பதில்லை. பிற்மனின் மாணவனோ அதனைக் கவனித்தே ஆகவேண்டும்.

மலைநாட்டுத் தோட்டமொன்றின் கந்தோரில் நான் சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. லயங்களிற் காய்ச்சல் பரவிய காலம். துரை ஒருநாள் மாலை ஆங்கிலத்திற் சொல்லிய கடிதங்களுள் ஒன்று மருந்துக் கடைக்குரியது. அதில் ‘பில்’ என்றொரு சொல் வந்தது. குளிசை என்பது பொருள். அவசரத்தில் என் பென்சில் அழுந்திக் கோடு தடித்தது. மறுநாட் காலை தட்டச்சுச் செய்தபோது, அக்கோடு சிட்டை என்னும் பொருள்தரும் மற்றைப் ‘பில்’ ஆயிற்று. துரை வாசியாமலே ஒப்பமிட்டார். மூன்றாம் நாள் லொறி வந்தது. குளிசை இல்லை, பழைய கணக்குச் சிட்டைகள் ஓர் உறையில் வந்திருந்தன. கைக்குழந்தையைத் தோளிற் சாத்தியபடி கந்தோர் வாசலில் நின்ற தாயொருத்தி, மருந்து எப்போது வரும் ஐயா என்று என்னிடமே கேட்டாள். அயற்றோட்டமொன்றிற் கடன்பெற்றுக் கொடுக்க இரவாயிற்று. குழந்தை பிழைத்தது. அன்றிரவு விளக்கடியில் இருந்து, ஒரு முழுக் கொப்பி நிறைய மெல்லிய கோடும் தடித்த கோடுமாக எழுதினேன். பிற்மனின் வரலாற்றைத் தேடிப் படித்ததும் அதன் பின்னரே.

1839இல் பாத் நகரிற் குடியேறிய பிற்மன், 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால் தொடங்கியதும், தம் முறையை ஒரே தாளில் அச்சிட்டு ஒரு பென்னிக்கு வழங்கினார். மாணவர் தபாலில் அனுப்பிய பயிற்சிகளைக் கட்டணமின்றித் திருத்தியும் அனுப்பினார். தபால்வழிக் கல்விக்கு வழிகாட்டியவருள் அவர் ஒருவர். புலாலும் மதுவும் புகையும் நீக்கி, விடியுமுன் எழுந்து உழைத்தார். அவருடைய தம்பி பென் பிற்மன் அமெரிக்காவில் இம்முறையைப் பரப்பினார். 1865இல் ஆபிரகாம் லிங்கன் கொலைச் சதி விசாரணையைப் பதிவுசெய்தவரும் அவரே. ஆங்கில எழுத்துக்கூட்டலையே ஒலிக்கேற்பத் திருத்திவிட வேண்டுமென்பது மூத்தவரின் பேராசை. அதற்காகப் பல்லாண்டும் பெரும்பொருளும் செலவிட்டார். உலகம் அதனை ஏற்கவில்லை. சுருக்கெழுத்துக்காக 1894இல் விக்ரோறியா மகாராணியார் அவருக்குச் சேர் பட்டம் வழங்கினார். 1897 சனவரியில் பாத் நகரில் அவர் காலமானார்.

இன்று ஒலிப்பதிவுக் கருவிகள் மலிந்துவிட்டன. சுருக்கெழுத்துப் பயில்வோர் அருகிவிட்டனர். அதுபற்றி எனக்கு வருத்தமில்லை. நான் ஓய்வுபெற்றும் நெடுங்காலமாயிற்று. ஆயினும் அருகிருந்து எவரேனும் பேசினால், என் விரல் நாற்காலிக் கையின்மேல் தானே கோடிடத் தொடங்குகின்றது. பகரம் வருமிடத்தில் ஒரு கணம் தயங்கி, மெலிதோ தடிப்போ என்று கேட்டறிந்த பின்னரே மேற்செல்கின்றது.