தாவர அறிஞர் இராபர்ட் வைட்

நாஞ்சில் நாட்டின் எல்லையில் அரண்போல் நிற்கும் மகேந்திரகிரி, அகத்தியமலைத் தொடரைச் சார்ந்தது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இப்பகுதிக்கு உண்டு. ஆதலின் இங்குள்ள மலைச்சோலைகளில் மரக்கிளைகள் பாசி படர்ந்து ஈரம் பொதிந்திருக்கும். அப்பாசியில் ஆர்க்கிட் என்னும் செடிகள் பல தொற்றி வளர்கின்றன. காண்போர் அவற்றைப் புல்லுருவி என மயங்குதல் உண்டு. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்வது. ஆர்க்கிட்டோ மரத்தைத் தங்குமிடமாக மட்டுமே கொள்வது. காற்றில் தொங்கும் அதன் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற உறை ஒன்று உண்டு. மழைநீரையும் பனிநீரையும் அவ்வுறை ஈர்த்துக்கொள்ளும். சில இனங்கள் தண்டினைக் கிழங்குபோலப் பருக்கச் செய்து, கோடைக்கு வேண்டும் நீரை அதில் சேமிக்கும். விதையோ தூசியினும் நுண்ணியது. முளைக்கு வேண்டும் உணவு அதனுள் இல்லாமையால், ஒருவகைப் பூஞ்சணத்தின் துணையின்றி அது முளைத்து வளராது.

தென்னாட்டு ஆர்க்கிட்டுகளை உலகறியச் செய்தவருள் ஒருவர் இராபர்ட் வைட். இவர் ஸ்காத்லாந்து நாட்டில் 1796ஆம் ஆண்டில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1826இல் இயற்கை ஆராய்ச்சியாளர் என்னும் அரசாங்கப் பதவி கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் அப்பதவி நீக்கப்பட்டது. வைட் மருத்துவராக நாகப்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டார். அவர் சோர்ந்தாரல்லர். ஓய்வு நேரமெல்லாம் செடி திரட்டினார். 1831இல் விடுமுறையில் தாயகம் சென்றபோது, ஏறத்தாழ ஓர் இலட்சம் உலர்செடிகள் அவருடன் கப்பலேறின!

1834இல் திரும்பி வந்த வைட், பாளையங்கோட்டையில் பணிபுரிந்தார். மகேந்திரகிரிக்கு வடக்கே, அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள குற்றாலத்தில் அரிய செடிகள் பலவற்றைத் திரட்டினார்.

ஆர்க்கிட்டை ஆராய்தல் எளிதன்று. அதன் மலரைத் தாளிடை வைத்து அழுத்தினால் வடிவம் சிதைந்துவிடும். வாடுமுன் மலரைப் பிரித்து, இதழையும் மகரந்தத் திரளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்டு வரைதல் வேண்டும். அப்பணிக்கு ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர் இருவர் அவருக்கு வாய்த்தனர். ஐரோப்பாவில் வெளிவந்த வண்ணப்படத் தாவர நூல்களோ செல்வர் மட்டுமே வாங்கத்தக்க விலையுடையன. எனவே வைட், அவ்வோவியங்களைச் சென்னையிலேயே கல்லச்சில் பதிப்பித்தார். பெரும்பாலும் வண்ணமின்றிக் கோட்டுப்படங்களாகவே அவை வந்தன, விலையும் குறைந்தது. 1838 முதல் 1853 வரை வெளிவந்த ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள் இடம்பெற்றன. இவ்வாண்டுகளிற் பலவற்றில் அவருடைய அலுவல், கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிர்செய்து பார்த்தல். அம்முயற்சி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. படத்தொகுதியோ இன்றும் ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படுகிறது.

வைட் பெயரிட்ட ஆர்க்கிட்டுகளுள் வியப்புக்குரியது இலையற்ற வனிலாக் கொடி. பசுமையான அதன் தண்டே இலையின் தொழிலைச் செய்கிறது. இலங்கையில் செடிகளை ஓவியமாக வரைந்த வாக்கர் சீமாட்டியின் பெயரை அதற்கு இட்டார். மற்றோர் இனத்துக்கு யோசப் ஹூக்கர் என்னும் அறிஞரின் பெயரால் 'யோசபியா' எனப் பெயரிட்டார். ஆளுநர், செல்வர், அறிஞர் ஆகியோர் பெயர்களைச் செடிகளுக்குச் சூட்டுதல் அக்கால வழக்கம். கூலிக்குப் படம் வரைந்த இந்தியர் ஒருவர் அவ்வரிசையில் இடம்பெறுதல் அரிது. வைட் 1853இல், காட்டு நிழலில் நிலத்தில் வளரும் ஓர் ஆர்க்கிட்டைப் புதிய இனமெனக் கருதி, கோவிந்துவின் பெயரால் 'கோவிந்தூயா' என்று அழைத்தார்.

ஆயினும் அவ்வினத்துக்கு லிண்ட்லி என்னும் அறிஞர் 1833இலேயே 'திரோப்பிடியா' என்று பெயரிட்டிருந்தார். முந்திய பெயரே நிலைக்கும் என்பது தாவரநூல் விதி. யோசபியா என்னும் பெயரும் நிலைக்கவில்லை; அது முன்னரே வேறொரு செடியினத்துக்கு வழங்கிவந்தது. எனினும் பின்வந்தோர் அந்த ஆர்க்கிட்டுக்கே 'சர்ஹூக்கெரா' எனப் பெயர் சூட்டி ஹூக்கரை நினைவுகூர்ந்தனர். கோவிந்துவின் பெயர் அவ்வாறு மீளவில்லை.

வைட் 1853இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்று, 1872ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் வரைவித்த மூல ஓவியங்களுட் பல எடின்பரோ தாவரவியற் பூங்காவில் காக்கப்பட்டு வருகின்றன. சென்னையில் அச்சான தொகுதிகளில், படத்தின் அடியில் சிற்றெழுத்தில் ரங்கையா என்றோ கோவிந்து என்றோ வரைந்தவர் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.