பிர்ரோ என்னும் யவன ஞானி

கீழ்பென்னாத்தூரிற் சிவஞானசித்தியார்ப் பாடம் நிகழ்ந்துழி, இருவினையொப்பைப் பற்றிப் பேச நேர்ந்தது. அந்நிலையை யவனரும் அறிந்திருந்தனரோ என மாணாக்கரொருவர் வினவினார். அவ்வினாவே பிர்ரோ என்பாரது வரலாற்றை ஈண்டெழுத எம்மைத் தூண்டியது.

இவர் கி.மு. 360-ஆம் ஆண்டையொட்டி, யவன தேயத்து எலிஸ் நகரில், வறிய குடியிற் பிறந்தார். இளமையில் ஓவியத் தொழில் செய்தார். பின்னர் அனக்சார்க்கஸ் என்னும் தத்துவ நூலாரை அடைந்து, அவருடன் அலெக்சாந்தர் மன்னனது படையைத் தொடர்ந்து நம் பரத கண்டத்திற்கு வந்தார். அப்படை சிந்து நதியைக் கடந்தது கி.மு. 326-இல். தட்சசீலத்தருகே உடையுந் துறந்த தவத்தோரை யவனர் கண்டனர். அவருட் கலானோஸ் என அழைக்கப்பெற்ற ஒருவர், மன்னனுடன் பாரசீகம் வரை சென்று, ஆங்கு நோயுற்றபோது, படையினர் காண எரியுட் புகுந்து, அசைவின்றி உயிர் நீத்தனர். பிர்ரோவும் இத்தகையோருடன் பழகினார். அரசவையைக் காத்துக் கிடக்கும் ஒருவர் பிறர்க்கு நன்னெறி போதித்தல் இயலாதென்று நம் நாட்டவரொருவர் அனக்சார்க்கஸைக் கடிந்தாராக, அச்சொல் ஆசிரியரினும் மாணாக்கர் உள்ளத்தையே மிகத் தைத்தது. ஆதரிப்போரை அண்டி வாழும் எம்போலும் புலவர்க்கும் அது பொருந்தாமலில்லை.

ஊர் மீண்ட பிர்ரோ, மருத்துவச்சியாகிய தம் உடன்பிறந்தாள் பிலிஸ்தாவுடன் வாழ்ந்தார். கோழியும் பன்றிக்குட்டியும் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார், வீட்டைத் தாமே துடைத்தார், நாணினாரல்லர். கடற்பயணத்திற் புயலடிக்க, உடன் வந்தோர் நடுங்கியபோது, கப்பலில் அமைதியாக இரையுண்ட பன்றிக்குட்டியைக் காட்டி, அறிஞனும் அங்ஙனமே கலங்காதிருத்தல் வேண்டுமென்றார். புண்ணை அறுத்துச் சுட்டபோதும் முகஞ் சுளித்திலர். ஆயினும் ஒருநாள் நாயொன்று பாய்ந்துவர அஞ்சிவிட்டார். கண்டோர் இகழ, மனிதத்தன்மையை முற்றக் களைதல் அரிதென்று ஒப்புக்கொண்டார். யாம் இவர்பால் மிக மதிப்பது இவ்வொப்புதலையே.

பொருள்களின் இயல்பு நம்மால் துணியப்படாது. ஆதலின் உண்டென்றும் இல்லென்றுஞ் சாதியாது நிற்க. நிற்பார்க்குக் கலக்கமின்மை தானே வந்தெய்தும். இதுவே இவரது கொள்கை. இன்பமே வாழ்க்கைப் பயனென்ற எபிக்யூரஸும் இவரது வாழ்க்கையை வியந்து, இவரைப்பற்றி அடிக்கடி கேட்டறிந்தனர்.

இக்கொள்கை எமக்கு உடன்பாடன்று. ஐயக்காட்சியைக் குற்றமென விலக்குவது நம் அளவை நூல். இருவினையொப்பு அறியாமையிற் பிறப்பதன்று. வினைப்பயனை ஊட்டுவோன் இறைவனேயென உணர்ந்து, இன்பத்தில் விருப்பும் துன்பத்தில் வெறுப்பும் அற்ற உயிர்க்கே அது வாய்ப்பது. மலபரிபாகமும் சத்திநிபாதமும் அதனைத் தொடர்வன. பிர்ரோ கண்டது துன்பநீக்கம் மாத்திரமே. முத்தியில் உயிர் கல்போற் கிடக்குமென்ற பாடாணவாதியை உமாபதிசிவனார் சங்கற்பநிராகரணத்தில் மறுத்தது ஈண்டும் பொருந்தும். சிவாநந்தப் பேற்றிற்கு அங்கே இடமில்லை.

ஆயினும் இவரை நாத்திகரெனத் தள்ளும் அன்பரோடும் யாம் உடன்படோம். எலிஸ் நகரத்தார் இவரையே தம் தலைமைக் குருக்களாக அமர்த்தினர். இவர்பொருட்டுத் தத்துவ நூலார் அனைவர்க்கும் வரி நீக்கினர். ஏறத்தாழ 90 ஆண்டு வாழ்ந்த இவர் தம் கொள்கையை நூலாக எழுதி வைத்தாரல்லர். மாணாக்கராகிய திமோன் எழுதியவற்றுட் சிதைந்த சில பகுதிகளும், கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் டயோஜினஸ் லேர்ட்டியஸ் தொகுத்த வரலாறுமே இவரைப்பற்றி அறிதற்கு நமக்குச் சிறப்பாக உதவுவன.