பொம்மை சேர்த்த சங்கர்

பொம்மை என்பது குழந்தைகளுக்கே உரியது என்பது நம்மில் பெரும்பாலோர் கொண்டுள்ள எண்ணம். மீசை முளைத்து, மணமும் முடித்து, மக்களையும் பெற்ற ஒருவர் கடைதோறும் நின்று பொம்மை தேடி அலைகிறார் என்று கேள்விப்பட்டால், நம் குடியிருப்பிலுள்ள பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை புரிவர். தபால் தலை சேர்ப்பவரை மதிக்கிறோம். பழங்காசு சேர்ப்பவரை அறிஞர் என்று அழைக்கிறோம். பொம்மை சேர்ப்பவரை மட்டும் வயதுக்கேற்ற புத்தியில்லாதவர் என்று ஒதுக்கிவிடுகிறோம். இது முறையன்று என்பது நமது நெடுநாளைய கருத்து. அதற்குச் சான்றாக, நாம் வாழும் இத்தலைநகரிலேயே வாழ்ந்து மறைந்த ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம். அவர்தாம் கேலிச்சித்திரக்காரர் சங்கர்.

அவருடைய முழுப்பெயர் கேசவ சங்கர் பிள்ளை. 1902ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள், அந்நாளைய திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த காயங்குளத்தில் பிறந்தார். பள்ளியில் படிக்கையில், வகுப்பிலே கண்ணயர்ந்துவிட்ட ஆசிரியர் ஒருவரை அந்தக் கோலத்திலேயே படமாக வரைந்துவிட்டார். தலைமையாசிரியருக்குக் கோபம் வந்தது. ஆனால் வீட்டிலிருந்த உறவினர் ஒருவர், பையனிடம் உள்ள திறமையைக் கண்டுகொண்டு ஊக்கம் அளித்தார். அன்று அவரும் சேர்ந்து பிரம்பை எடுத்திருந்தால், இந்தியப் பத்திரிகை உலகம் எத்துணை நஷ்டம் அடைந்திருக்கும்! திருவனந்தபுரத்தில் கல்லூரிப் படிப்பை முடித்து 1927ல் பட்டம் பெற்ற சங்கர், சட்டம் பயிலப் பம்பாய்க்குச் சென்றார். சட்டம் அவருக்கு ஒட்டவில்லை. சிந்தியா கப்பல் கம்பெனியில் அலுவல் பார்த்துக்கொண்டே பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து அனுப்பி வந்தார். பகலில் கோப்புகளோடும் இரவில் மனத்துக்குப் பிடித்த வேலையோடும் காலம் தள்ளுகின்ற நம்போன்ற குமாஸ்தாக்களுக்கு இது சற்றே ஆறுதல் அளிக்கும் செய்தியாகும்.

1932ல் இந்துஸ்தான் டைம்ஸ் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த போத்தன் ஜோசப் அவரைத் தில்லிக்கு அழைத்துக்கொண்டார். 1946 வரை அப்பத்திரிகையில் சங்கர் வரைந்தார். இடையே லண்டன் சென்று ஓராண்டுக்கு மேல் தங்கி ஓவியப் பயிற்சியும் பெற்றார். 1948ல் சங்கர்ஸ் வீக்லி என்னும் சொந்த வாரப் பத்திரிகை பிறந்தது. அதைத் தொடங்கி வைத்தவர் பிரதமர் நேரு. தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்று நேரு கேட்டுக்கொண்டார் என்பது நாடறிந்த செய்தி. சங்கரும் விட்டுவைக்கவில்லை. வாரந்தோறும் நேருவைப் பல கோலங்களில் வரைந்தார், நட்பும் குறையவில்லை. அபு ஆபிரகாம், குட்டி, ரங்கா, ஓ. வி. விஜயன் முதலியோர் அந்தப் பத்திரிகையின் நிழலில் வளர்ந்தவர்கள்.

நிற்க. நாம் சொல்ல வந்தது பொம்மையைப் பற்றி.

பெரிய மனிதர்களைப் பார்த்துச் சிரிப்பதே தொழிலாகக் கொண்ட இவருக்குக் குழந்தைகள்பால் தனிப்பட்ட ஈடுபாடு இருந்தது. 1949ல் குழந்தைகளுக்கான ஓவியப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். அது விரைவிலேயே பல நாட்டுக் குழந்தைகளும் கலந்துகொள்ளும் போட்டியாக வளர்ந்தது. 1950களின் தொடக்கத்தில், அப்போட்டியில் பரிசாக வழங்குவதற்கென்று ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மையைச் சங்கரிடம் கொடுத்தார். அந்நாட்டு உடையணிந்த பொம்மை. அதைக் கையில் வாங்கியவர் மனத்தைப் பறிகொடுத்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய ஐம்பது. வழுக்கை விழுந்த பின் வந்த காதல் என்று விகடமாகச் சொல்லலாம். ஆனால் இந்தக் காதல் கடைசிவரை நிலைத்தது.

அக்காலத்தில் பிரதமர் வெளிநாடு செல்லும்போது பத்திரிகையாளர் குழு ஒன்றும் உடன் செல்வதுண்டு. சங்கரும் அவ்வாறு பல நாடுகளுக்குச் சென்றார். போன இடமெல்லாம் அந்தந்த நாட்டுப் பொம்மைகளைத் தேடிச் சேர்த்தார். நம்மவர்கள் வெளியூர் சென்றால் அல்வாவும் முறுக்கும் வாங்கி வருவார்கள். சங்கரின் பெட்டியில் பொம்மைகள் வந்தன.

அவர் சேர்த்தவை சாவி கொடுத்தால் ஓடும் விளையாட்டுப் பொம்மைகள் அல்ல. ஒரு நாட்டு மக்கள் உடுத்தும் உடையை மடிப்பு, பின்னல், தலைப்பாகை, காலணி, நகை உட்படச் சிறிய அளவில் அப்படியே காட்டும் ஆடைப் பொம்மைகள் அவை. இத்தகைய பொம்மைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸ் நகரத்துப் புதிய உடைகளைப் பொம்மைகளுக்கு அணிவித்து அயல்நாட்டு அரண்மனைகளுக்கு அனுப்பி வந்தார்கள். அச்சிட்ட ஆடைப் படங்கள் பரவலாவதற்கு முன்னர், தையற்காரர்கள் பொம்மையைப் பார்த்தே வெட்டினார்கள், தைத்தார்கள். ஆகவே ஆடைப் பொம்மை பெரியவர்களின் தேவைக்காகவே எழுந்தது என்றுகூடச் சொல்லலாம். 1959ல் அமெரிக்காவில் வெளிவந்த பார்பி என்னும் நாகரிகப் பொம்மையைச் சேர்ப்பவர்களிலும் நரை கண்டவர்கள் பலர் உண்டு. அவர்களிடம் கேட்டால் தையலின் நேர்த்தியையும் துணியின் வகையையும் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். பித்து என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றுவது, உள்ளிருப்பவருக்குப் படிப்பு.

ஆயினும் எதைச் சேர்ப்பவருக்கும் ஒரு வியாதி உண்டு. அது பூட்டி வைப்பது. தூசி படும், கை படும், கண் படும் என்று அஞ்சி, தாம் மட்டும் இரவில் திறந்து பார்த்து மகிழ்வார்கள். சங்கரிடம் நாம் மிகவும் போற்றுவது, அவருக்கு அந்த வியாதி ஒட்டவில்லை என்பதையே. ஏறக்குறைய 500 பொம்மைகள் சேர்ந்ததும், கடல் கடந்து செல்ல இயலாத நம் நாட்டுக் குழந்தைகளும் இவற்றைக் காணவேண்டும் என்று எண்ணினார். குழந்தைகளின் ஓவியங்களைக் கொண்டு நடத்திய கண்காட்சிகளில் பொம்மைகளையும் கூடவே வைத்தார்.

தொல்லையும் அங்கேதான் தொடங்கிற்று. ஒவ்வொரு கண்காட்சிக்கும் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கவேண்டும், பிரிக்கவேண்டும், மீண்டும் அடுக்கவேண்டும். இதன் கொடுமை நம் இல்லத்தரசியருக்கு நன்கு தெரியும். நவராத்திரி முடிந்து கொலுப் பொம்மைகளைப் பழைய வேஷ்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைப்பதும், அடுத்த ஆண்டு திறந்தால் கிருஷ்ணனுக்குக் குழல் இல்லாமல் போயிருப்பதும், செட்டியாருக்கு மூக்கு உடைந்திருப்பதும் வீட்டுக்கு வீடு நிகழ்வதே. மாற்றல் உத்தரவு வந்து ஊர் மாறினாலோ கேட்கவே வேண்டாம். எவ்வளவு வைக்கோல் திணித்தாலும், உடையும் பொருள் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினாலும், ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று போகத்தான் செய்யும் என்பது பார்சல்களோடு பழகிய நமது அனுபவம். மண் பொம்மையாவது உடைந்த இடத்தில் ஒட்டி வண்ணம் பூசலாம். ஆடைப் பொம்மையின் சரிகை கசங்கினாலோ, மணி உதிர்ந்தாலோ, அதே துணிக்கும் அதே மணிக்கும் எங்கே போவது? கண்காட்சிக்குக் கண்காட்சி சங்கரின் பொம்மைகள் சேதமுற்றன. காட்டினால் கெடும், காட்டாவிட்டால் சேர்த்ததற்குப் பொருளில்லை. இந்த இக்கட்டில் அவர் அகப்பட்டுக்கொண்டார்.

ஒரு கண்காட்சிக்கு நேருவும் அவருடைய மகள் இந்திரா காந்தியும் வந்திருந்தபோது, சங்கர் தமது குறையை எடுத்துரைத்தார். இவற்றுக்கென்று நிலையான ஓர் இடம் அமைத்தால் என்ன என்ற யோசனையைக் கூறியவர் இந்திரா காந்தி. குழந்தைகளுக்கு நல்ல புத்தகங்கள் வெளியிடவேண்டும் என்று 1957ல் சங்கர் நிறுவிய குழந்தைகள் புத்தக அறக்கட்டளை ஏற்கனவே இயங்கி வந்தது. பகதூர்ஷா ஜபர் சாலையில் அதற்கென எழுந்த கட்டடத்தின் ஒரு பகுதியே பொம்மைகளுக்கு வீடாயிற்று. அக்கட்டடத்துக்கு நேரு இல்லம் என்று பெயர். நேரு அதைக் காண இருக்கவில்லை; 1964 மே மாதத்தில் மறைந்துவிட்டார். 1965ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், குடியரசுத் தலைவரும் நம் திருத்தணி மண்ணில் பிறந்தவருமான டாக்டர் இராதாகிருஷ்ணன் பொம்மைக் காட்சிசாலையைத் திறந்து வைத்தார். அன்று உள்ளே இருந்தவை சுமார் 1,000 பொம்மைகள். பிற்காலத்தில் 85 நாடுகளைச் சேர்ந்த 6,500 பொம்மைகள் என்ற அளவுக்கு அது வளர்ந்தது. 160க்கு மேற்பட்ட கண்ணாடிப் பேழைகள்; வரிசையாக வைத்தால் 1,000 அடி நீளம். ஜப்பானியரின் சிறுவர் விழா, சிறுமியர் விழாப் பொம்மைகள், கபூகி நாடக வேடங்கள், ஸ்பெயின் நாட்டு நடனமாதர், இங்கிலாந்து அரசியர் என்று பார்க்கப் பார்க்கக் கால் நகராது.

இத்தனை பொம்மைகளும் வாங்கியவை மட்டும் அல்ல. அயல்நாடுகளிலிருந்து பொம்மைகள் அன்பளிப்பாக வந்தன. வந்ததற்கு ஈடாக நாமும் அனுப்பவேண்டுமன்றோ? அதற்காகக் காட்சிசாலையோடு சேர்ந்தே ஒரு பொம்மைப் பட்டறையையும் சங்கர் அமைத்தார். அங்கே செய்யும் ஒவ்வொரு பொம்மைக்கும், அந்தப் பகுதி மக்களின் முக அமைப்பு, உடுத்தும் முறை, அணிகலன் ஆகியவற்றை முதலில் ஆராய்ந்தறிந்து, பின்னரே வேலை தொடங்குவர். சேலை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வங்காளத்து மாது உடுத்துவது ஒரு விதம், மராட்டியப் பெண்மணி கட்டுவது ஒரு விதம், நம் பாட்டிமார் கட்டும் மடிசார் வேறு விதம். ஒன்றின் கொசுவத்தை மற்றொன்றுக்கு வைத்தால், ஊரறிந்தவர் கண்டு சிரிப்பார். இவ்வாறு 150 வகை இந்திய ஆடைப் பொம்மைகள் அப்பட்டறையில் உருவாயின. மணப்பெண்களும் நடனக் கலைஞர்களும் அவற்றுள் உண்டு. தமது மலையாள நாட்டுக் கதகளி வேடத்தையும் அவர் மறக்கவில்லை. 1980ல் போலந்து நாட்டின் கிராக்கோ நகரில் நடைபெற்ற பொம்மைக் கண்காட்சியில், தங்க மயிலிறகு என்னும் முதற்பரிசு இப்பட்டறைக்குக் கிடைத்தது. ஹங்கேரிக்காரரின் ஒரு பொம்மையைப் பார்த்து ஆசைப்பட்டவருக்கு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பாவே பரிசு அளித்தது!

இதற்கிடையே அவருடைய வாழ்வின் பெரிய இழப்பும் நேர்ந்துவிட்டது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை பிறந்தது. ஆகஸ்ட் 31ஆம் நாள் இதழோடு சங்கர்ஸ் வீக்லி நின்றது. சர்வாதிகாரத்துக்கும் சிரிப்புக்கும் ஒத்துவராது என்ற கருத்தை விடைபெறும் தலையங்கத்தில் எழுதிவிட்டு, 27 ஆண்டுகள் நடத்திய பத்திரிகையைத் தாமே மூடினார். பொம்மைகளுக்கு நிலையான இடம் வேண்டும் என்று யோசனை கூறியவரின் ஆட்சியிலேயே பத்திரிகைக்கு இடமில்லாமல் போயிற்று. இதைப் பற்றி மேலே எழுத நமக்குக் கை வரவில்லை. அப்போது சங்கருக்கு வயது 73. பலர் அந்த வயதில் அதோடு சாய்வு நாற்காலியில் அமர்ந்துவிடுவார்கள். அவர் குழந்தைகளின் புத்தகங்களையும் போட்டிகளையும் பொம்மைகளையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

பட்டங்களுக்குக் குறைவில்லை. 1956ல் பத்மஸ்ரீ, 1966ல் பத்மபூஷண், 1976ல் பத்மவிபூஷண். இவற்றைவிட நமக்குச் சுவையாகத் தோன்றுவது, 1977ல் போலந்து நாட்டுக் குழந்தைகள் தேர்ந்தெடுத்து வழங்கிய புன்னகை விருது. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சங்கர் காலமானார்.

பொம்மைகள் அதே நேரு இல்லத்தில் இருக்கின்றன. இரயிலில் வருபவர்கள் திலக் பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கி நடந்தே சென்றுவிடலாம். மெட்ரோவில் வருபவர்களுக்கு ஐ.டி.ஓ. நிலையம் பக்கம். குழந்தைகளை அழைத்துச் செல்லும் தாய்மார்கள் இந்தியப் பகுதிக்கு என்று தனியே நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. எந்த மாநிலத்துப் பெண் எப்படிப் புடவை கட்டியிருக்கிறாள் என்று பார்க்கத் தொடங்கினால், குழந்தைகளைவிட அவர்களே அங்கிருந்து நகரமாட்டார்கள்.