கூலியும் கலையும்

பணத்துக்காகச் செய்யப்படும் வேலை கலையாகுமா என்ற கேள்வி மிகப் பழையது. பொருளாதாரம் கற்பித்த காலத்தில் நானும் வகுப்பில் இக்கேள்வியை எழுப்பியதுண்டு. விலை வேறு, மதிப்பு வேறு என்று சொல்வது எளிது. அவ்விரண்டையும் ஒரே வாழ்க்கையில் எதிர்கொண்ட ஒருவரைக் காட்டுவது கடினம். புகைப்படக் கலைஞர் எட்வர்டு ஸ்டைக்கன் அத்தகையவர். பத்திரிகைகளில் இன்று நாம் காணும் நட்சத்திர உருவப்படங்களுக்கு இலக்கணம் வகுத்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

1879-இல் லக்ஸம்பர்க்கில் பிறந்த அவரைக் குழந்தைப் பருவத்திலேயே பெற்றோர் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றனர். செப்புச் சுரங்கத்தில் உழைத்துத் தந்தை உடல்நலம் இழந்தார். தாய் தொப்பிக் கடை நடத்திக் குடும்பத்தைக் காத்தார். ஸ்டைக்கன் 15 வயதில் மில்வாக்கி நகரின் கல்லச்சுக் கூடம் ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். பிழைப்பும் கலையும் அவருக்கு ஒரே இடத்தில்தான் அறிமுகமாயின.

ஓவியராக வேண்டும் என்ற கனவோடு 1900-இல் பாரீஸ் சென்றார். சிற்பி ரோடினையும், 1903-இல் நியூயார்க்கில் வங்கியாளர் ஜே.பி. மோர்கனையும் அவர் எடுத்த படங்கள் பெரும் புகழ் பெற்றன. புகைப்படத்தையும் நுண்கலையாக ஏற்கச் செய்யப் போராடிய ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸுக்கு அவர் வலக்கரமாக விளங்கினார். முதல் உலகப் போரில் வான்வழிப் படப்பிடிப்புப் பிரிவில் பணியாற்றியபோது, மங்கலான அழகைவிடத் துல்லியமே மேல் என்ற முடிவுக்கு வந்தார். போர் முடிந்த சில ஆண்டுகளில் தம் ஓவியங்களைத் தீயிட்டு எரித்துவிட்டார்.

1923-இல் பதிப்பாளர் கான்டே நாஸ்ட், வோக், வேனிட்டி ஃபேர் இதழ்களின் தலைமைப் புகைப்படக் கலைஞராக அவரை அமர்த்தினார். ஆண்டு ஊதியம் 35,000 டாலர். அந்நாளில் அது மிகப் பெரிய தொகை. ஆடை அலங்காரப் படங்களில் பெயர் இடம்பெறுவது கௌரவக் குறைவாகத் தோன்றினால் அதைத் தவிர்க்கலாம் என்றும் நாஸ்ட் சலுகை தந்தார். ஸ்டைக்கன் அதை மறுத்தார். எடுக்கும் படம் எதுவாயினும் அதற்குத் தாமே பொறுப்பு என்பது அவர் நிலைப்பாடு. கலையைச் சந்தைக்குக் கொண்டுசென்றுவிட்டதாக ஸ்டீக்லிட்ஸ் மனம் வருந்தினார்.

கறுப்புச் சரிகைத் திரைக்குப் பின்னிருந்து உற்றுநோக்கும் நடிகை குளோரியா ஸ்வான்சன் (1924), படப்பிடிப்பு இடைவேளையில் கிடைத்த சில நிமிடங்களில் பதிவான கிரெட்டா கார்போ (1928) ஆகிய படங்களைப் பார்ப்பவர், அவை கூலிக்கு எடுக்கப்பட்டவை என்பதையே மறந்துவிடுவர்.

ஆயினும் ஸ்டீக்லிட்ஸின் வருத்தத்தைப் புறந்தள்ள முடியாது. இதழ்களை வாழவைத்தவை விளம்பரங்கள். நட்சத்திரத்தின் முகம் வாசகரை ஈர்த்தது. ஈர்க்கப்பட்ட வாசகரின் கவனம் விளம்பரதாரருக்கு விற்கப்பட்டது. பெருமந்தத்தில் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து நின்றபோதும் அப்பக்கங்களின் பளபளப்பு குறையவில்லை. அந்தப் பளபளப்பில் ஸ்டைக்கனுக்கும் பங்குண்டு. 1938-இல் அவர் தம் நியூயார்க் ஸ்டூடியோவை மூடினார்.

பின்னர், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் புகைப்படத் துறைத் தலைவராக, 1955-இல் 'மனிதக் குடும்பம்' என்ற கண்காட்சியை அமைத்தார். 68 நாடுகளில் எடுக்கப்பட்ட 503 படங்கள். எடுத்தவர்கள் 273 பேர். பிறப்பு, உழைப்பு, பசி, இறப்பு எனச் சாமானியரின் வாழ்வே அதன் பொருள். உலகெங்கும் 90 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைக் கண்டனர். பிரபலங்களின் முகத்துக்குக் காட்டிய அக்கறையைப் பெயரறியா மனிதர்களின் முகங்களுக்கும் அவர் காட்டினார். அப்படங்கள் இன்று அவர் பிறந்த லக்ஸம்பர்க்கின் கிளெர்வோ கோட்டையில் நிரந்தரமாக வைக்கப்பட்டுள்ளன.

1973-இல், 94-ஆவது பிறந்த நாளுக்கு இரண்டு நாள்கள் முன்னர், ஸ்டைக்கன் காலமானார். இன்று கைப்பேசித் திரையில் நட்சத்திரப் படங்கள் இடைவிடாது ஓடுகின்றன. அவற்றுள் எடுத்தவர் பெயரைத் தாங்கியவை எத்தனை? கூலி வாங்குவதால் கலை தாழ்வதில்லை. செய்த வேலைக்குப் பொறுப்பேற்க ஆளில்லாதபோதுதான் அது தாழ்கிறது. எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும்.