ரவி வர்மா: 130 ஆண்டுகளுக்கு முன்பே ஓவியத்தை மெஷினில் ஏற்றியவர் பெற்றது என்ன, இழந்தது என்ன?

திருப்பதி கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம் போனால் சாமிப் படக் கடைகளைப் பார்க்காமல் வர முடியாது. வெங்கடாசலபதிக்குப் பக்கத்தில் தாமரையில் நிற்கும் லட்சுமி, வீணையோடு சரஸ்வதி. சித்தூர் பக்கம் பல வீட்டுப் பூஜை அறைகளிலும் இதே முகங்கள்தான். இன்று இந்தப் பழைய படங்களை ஸ்கேன் செய்து, ஃபோட்டோஷாப்பில் நிறம் கூட்டி, கல்யாணப் பத்திரிகையில் இருந்து ஃபிளெக்ஸ் பேனர் வரை போடுகிறார்கள். டேப்லெட்டில் அதே பாணியில் புதிதாக வரைபவர்களும் உண்டு.

இந்த முகங்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனதில் பெரிய பங்கு ராஜா ரவி வர்மாவுக்கு. நாம் பழைய ஸ்டைல் என்று சொல்வது, அவர் காலத்தில் புத்தம் புது தொழில்நுட்பம்.

எண்ணெய் வண்ணம் கற்றது எப்படி?

1848 ஏப்ரல் 29 அன்று திருவாங்கூர் சமஸ்தானத்தின் கிளிமானூரில் பிறந்தார். சுவரில் கிறுக்கிய பையனின் கையில் இருந்த திறமையை மாமா ராஜ ராஜ வர்மா கண்டுபிடித்தார். 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார்.

எண்ணெய் வண்ணம் அப்போது அங்கே அரிதான வித்தை. அரசவை ஓவியர் ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளைதான் ராத்திரியில் ரகசியமாக வந்து கற்றுக்கொடுத்தார் என்பது வாழ்க்கை வரலாறுகள் சொல்லும் கதை. 1868-இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்றுத்தரவில்லை, வரையும்போது பக்கத்தில் இருந்து பார்க்க மட்டும் விட்டார். யூடியூப் இல்லாத காலத்தில், பார்த்தே கற்றுக்கொண்டார் ரவி வர்மா.

1873-இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். அதன்பின் சமஸ்தானங்கள் போட்டி போட்டு அழைத்தன. தஞ்சாவூர் ஓவியத்தின் தெய்வங்களுக்கு ஐரோப்பிய ஒளியும் நிழலும் கொடுத்து, நம்ம ஊர்ப் பெண்களின் முகத்தையும் புடவையையும் சேர்த்தது அவருடைய கலவை. இது நாடக மேடை அலங்காரம் போல இருக்கிறது என்று பிற்கால விமர்சகர்கள் குறை சொன்னார்கள். மக்கள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

கல்லில் ஒரு லேயர்

படம் கேட்டு ஏகப்பட்ட பேர் வந்தார்கள். இரண்டு கையால் எத்தனை வரைய முடியும்? சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிடலாமே என்று 1884-இல் யோசனை சொன்னவர், கும்பகோணத்தில் பிறந்து திருவாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவ ராவ். பத்து வருடம் கழித்து, 1894-இல், ரவி வர்மா பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கிவிட்டார். மெஷினும் தொழில்நுட்ப ஆட்களும் ஜெர்மனியில் இருந்து வந்தன.

வேலை நடந்த விதம் இன்றைய டிசைனர்களுக்குச் சட்டென்று புரியும். மூல ஓவியத்தை நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சுண்ணாம்புக் கல். எண்ணெய்ப் பசையுள்ள மையால் அதில் வரைந்து, கல்லை ஈரப்படுத்தினால், வரைந்த இடத்தில் மட்டும் அச்சு மை ஒட்டும். ஒரே தாள் கல்லுக்குக் கல் ஏறி இறங்கி, நிறத்தின் மேல் நிறம் விழுந்து முழுப் படம் ஆகும். ஃபோட்டோஷாப் லேயர் தானே இது? ஒரு கல் மயிரிழை நகர்ந்தாலும் லட்சுமியின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். அங்கே கன்ட்ரோல் இசட் கிடையாது.

கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாத சாதியினரும் தெய்வத்தின் முகத்தைத் தங்கள் வீட்டுச் சுவரில் பார்க்க முடிந்தது இந்த மலிவான அச்சுப் படங்களால்தான்.

பெயர் மட்டும் மிஞ்சியது

ஆனால் கணக்குப் புத்தகம் சிரிக்கவில்லை. பிளேக் நோய், கூட்டாளியுடன் பிரிவு, ஏறிய கடன். அச்சகம் லோனாவாலா அருகே மளவலிக்கு இடம் மாறியது. 1900-களின் தொடக்கத்தில் அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடமே அதை விற்க வேண்டியதாயிற்று.

விற்ற பிறகும் ரவி வர்மா அச்சகம் என்ற பெயர் ஓடியது. அவர் வரையாத படங்களும் அந்தப் பெயரில் வெளியாயின. அதனால்தான் இன்றும் பழைய லித்தோ படம் எதைப் பார்த்தாலும் ரவி வர்மா என்று சொல்லிவிடுகிறோம். கூடவே வரைந்த தம்பி சி. ராஜ ராஜ வர்மா 1905-இல் இறந்தார். 1906 அக்டோபர் 2 அன்று கிளிமானூரில் அண்ணனும் போய்விட்டார். அச்சகத்தை 1972-இல் தீ தின்றது.

அவர் படங்களின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. யாரும் எடுத்து வரையலாம். 2020 காலண்டருக்காகப் புகைப்படக் கலைஞர் ஜி. வெங்கட் ராம், சமந்தா, ரம்யா கிருஷ்ணன் போன்றவர்களை வைத்து அந்த ஓவியங்களைக் கேமராவில் மறுபடி உருவாக்கினார். மூலம் யாருடையது என்று சொல்லியே செய்தார்கள்.

திருப்பதியில் இருந்து கொஞ்ச தூரத்தில், ஸ்ரீகாளஹஸ்தியில், மூங்கில் பேனாவால் துணியில் கலம்காரி வரைபவர்களுக்கு இந்தக் கேள்வி வரலாறு இல்லை, வயிற்றுப்பாடு. புவிசார் குறியீடு வாங்கிய கலை அது. அதே மயிலையும் ராமாயணக் காட்சியையும் டிஜிட்டல் பிரின்டரில் அடித்து, கலம்காரி என்றே மலிவாக விற்கிறார்கள். கையால் வரைந்ததா என்று கடையில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் முதலில் விலையைத்தான் சொல்வார்கள்.