எண்மரில் எஞ்சிய ஒருவர்

ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமியின் நாட்குறிப்பை நம்மில் பலர் படித்திருப்போம். அதனை உலகுக்கு அளித்த அவள் தந்தையாரின் வரலாற்றை அறிந்தோர் சிலரே. ஓட்டோ பிராங்க் என்னும் அப்பெருமகனாரைப் பற்றி ஈண்டுச் சிறிது காண்போம்.

இவர் 1889 ஆம் ஆண்டு மே திங்கள் 12 ஆம் நாள் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், வங்கித் தொழில் நடத்திய யூதக் குடும்பத்தில் தோன்றினார். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படையில் பணியாற்றி லெப்டினன்ட் பதவியும் பெற்றார். 1925 இல் எடித் அம்மையாரை மணந்தார். மார்கோட், ஆன் என இரு பெண்மக்கள் பிறந்தனர். தாம் உயிரைப் பொருட்படுத்தாது போரிட்ட அதே நாடு, 1933 இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் தம் இனத்தாரைப் பகைவராக நடத்தத் தலைப்பட்டது. ஆகவே நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குக் குடிபெயர்ந்து, ஜாம் கெட்டிப்பட உதவும் பெக்டின் என்னும் பொருளை விற்று வாழ்ந்தார்.

1940 மே திங்களில் அந்நாடும் ஜெர்மானியர் வசமாயிற்று. அமெரிக்கா செல்ல 1941 இல் அவர் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. 1942 ஜூலை 5 அன்று, பதினாறே வயதான மார்கோட்டை உழைப்பு முகாமுக்கு அழைத்து ஆணை வந்தது. மறுநாளே நால்வரும், கால்வாய்க் கரையிலிருந்த அவருடைய வணிக நிலையத்தின் பின்கட்டில் மறைந்தனர். பின்னர் மேலும் நால்வர் வந்து சேர, எண்மராயினர். வாயிலைப் புத்தக அலமாரி ஒன்று மறைத்தது. மீப் கீஸ் அம்மையார் முதலிய அலுவலகத்தார், தமக்கு நேரக்கூடிய தீங்கை அறிந்தும் உணவும் நூல்களும் கொணர்ந்து ஈந்தனர்.

பகலில் வாய்விட்டுப் பேசவும் அஞ்சிய அவ்விடத்தில், ஓட்டோ பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்தார். பெண்களின் உயரத்தைப் பெற்றோர் சுவரில் பென்சிலால் கோடிட்டுக் குறித்து வந்தனர். ஆன் 13 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தாள். அக்கோடுகள் இன்றும் அச்சுவரில் உள. நம் வீட்டுச் சுவர்களிலும் இத்தகைய கோடுகள் உண்டல்லவா?

1944 ஆகஸ்ட் 4 அன்று எண்மரும் பிடிபட்டனர். வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஆஷ்விட்சுக்குச் சென்ற இறுதி இரயிலில் செப்டம்பர் 3 அன்று ஏற்றப்பட்டனர். அங்கே ஆடவர் வேறு, பெண்டிர் வேறாகப் பிரிக்கப்பட்டனர். 1945 ஜனவரி 6 அன்று எடித் அம்மையார் மறைந்தார். அதே திங்கள் 27 இல் சோவியத் படையினர் முகாமை விடுவித்தபோது, ஓட்டோ நோயாளர் கொட்டகையில் உயிருடன் இருந்தார்.

மனைவியின் மறைவை வழியிலேயே அறிந்தார். ஜூன் 3 அன்று ஆம்ஸ்டர்டாம் சேர்ந்தவர், மக்களேனும் மீள்வர் எனக் காத்திருந்தார். முகாம்களிலிருந்து திரும்பியோரையெல்லாம் தேடிச் சென்று வினவினார். இருவரும் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்த செய்தி ஜூலையில் கிட்டியது. மறைவிடத்து எண்மரில் அவர் ஒருவரே எஞ்சினார்.

அதன்பின்னரே, தாம் படியாமல் காத்துவைத்திருந்த ஆனின் ஏடுகளை மீப் அம்மையார் அவரிடம் ஒப்படைத்தார். அவற்றைப் படிக்கும் துணிவு அவருக்கு உடனே வரவில்லை. படித்தபோதோ, தாம் வளர்த்த மகளின் உள்ளத்தைத் தாமே அறியாதிருந்ததை உணர்ந்தார். நூல் 1947 ஜூன் 25 அன்று டச்சு மொழியில் வெளிவந்தது. மறைவிடம் 1960 இல் காட்சியகமாயிற்று.

1953 இல், தம்மைப் போலவே ஆஷ்விட்சிலிருந்து மீண்ட எல்பிரீட் அம்மையாரை மணந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்தார். நூலைப் படித்த இளையோர் பல நாடுகளிலிருந்தும் எழுதிய மடல்களுக்கு, அவ்வம்மையாரின் துணையுடன் முதுமையிலும் விடை எழுதிவந்தார். 1980 ஆகஸ்ட் 19 அன்று, தம் 91 ஆம் வயதில் காலமானார்.