வளைந்த காலுடன் வளர்ந்த டாக்டர்

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்த நம்மவர் வீடாக இருந்தாலும் சரி, சொந்த ஊர் வீடாக இருந்தாலும் சரி, குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை என்றால் பழி முதலில் தாய் மீதுதான் விழுகிறது. கிரகணத்தில் வெளியே போனாள் என்பார்கள். முன்வினை என்பார்கள். இந்தக் குறையின் காரணத்தைத் தேடிப் புறப்பட்ட ஒரு டாக்டரின் கதை இது.

வில்லியம் ஜான் லிட்டில், 1810-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். சிறு வயதிலேயே போலியோ தாக்கி, அவரது இடது பாதம் வளைந்துவிட்டது. அதை நேராக்கும் ஆசையே அவரை டாக்டர் படிப்புக்கு இழுத்தது. லண்டன் டாக்டர்கள் கைவிரித்தார்கள். 1836-ம் ஆண்டு ஜெர்மனிக்குப் போனார். ஹனோவர் நகரில் ஸ்ட்ரோமேயர் என்ற டாக்டர், அவரது குதிகால் தசைநாணை அறுத்து ஆபரேஷன் செய்தார். பாதம் நேரானது.

ஊர் திரும்பிய லிட்டில், கை கால் கோணலானவர்களுக்கென்றே ஆஸ்பத்திரி தொடங்கினார்.

அங்கே வந்த சில குழந்தைகள் அவரை யோசிக்க வைத்தனர். தசைகள் விறைத்து, கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டன. சிலருக்குப் பேச்சு குழறியது. பிரசவம் எப்படி நடந்தது என்று விசாரித்தார். பலர் குறைமாதத்தில் பிறந்தவர்கள். அல்லது பிறந்ததும் மூச்சுத் திணறியவர்கள். கோளாறு காலில் இல்லை, மூளையில் என்று 1861-ம் ஆண்டு லண்டன் மகப்பேறு டாக்டர்கள் சங்கத்தில் விளக்கினார். லிட்டில் நோய் என்றே அதற்குப் பெயர் வந்தது. இன்று நாம் மூளை முடக்குவாதம் என்கிறோம்.

லிட்டில் 1894-ம் ஆண்டு காலமானார். மனநல மேதை பிராய்டு 1897-ம் ஆண்டு எழுதிய நூலில், பல குழந்தைகளுக்குக் கருவிலேயே பாதிப்பு தொடங்கியிருக்கலாம் என்றார். பிற்கால ஆராய்ச்சிகளும் அதற்கு வலுச் சேர்த்தன.

ஆகவே, தாயைப் பழிப்பதில் நியாயமில்லை. இது தொற்றாது. மூளையில் ஏற்பட்ட சேதம் நாளுக்கு நாள் பெருகுவதும் இல்லை. உடல் முடங்கியவரெல்லாம் அறிவு மங்கியவரும் அல்ல. முழுக் குணம் இல்லைதான். ஆனால் சீக்கிரம் தொடங்கும் பயிற்சி நிறையப் பலன் தரும்.

ஆறு மாதமாகியும் தலை நிற்கவில்லையா? ஒரு கையை மட்டுமே நீட்டுகிறதா? உடனே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். பேச்சுப் பயிற்சிக்கு மைசூரு மானசகங்கோத்ரியில், 1965-ம் ஆண்டு தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. ஹெப்பாளில் இருந்து அதிக தூரமில்லை. கோயிலுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், பயிற்சியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.